நேர்த்தி ஏதும் உண்டோ என்று கேளுங்கள்

மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார், தங்கைமாருக்கு,

உங்கள் சங்கத்துக்காரர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "ஐயா, உங்கடை அனுபவத்திலை நாலு நல்ல விஷயம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். நல்ல விஷயம் நாலு தேறாது. நான் செய்த நல்லவற்றை நோயாளிகள் மறந்துவிட்டார்கள், நானும் மறந்துவிட்டேன். செய்த பிழைகள் மட்டும் நேற்று நடந்ததுபோல நினைவில் நிற்கின்றன. அதில் ஒன்றை எழுதுகிறேன். ஆள் சாகவில்லை, பயப்படாமல் வாசியுங்கள். ஒரு முகப்பருக் குளிசையால், ஒரு சின்ன மாத்திரையால், வந்த வினை இது.

முதலில் எங்கள் யன்னலைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு மருந்து கொடுக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நான் வேலை பார்த்த வைத்தியசாலையின் மருந்து யன்னலுக்கு இரும்பு வலை அடித்திருந்தது. அந்த வலைக்கு யாரோ ஒரு பொறுப்பான மனிதர் பச்சைப் பெயின்ற் பூசியிருந்தார். பொறுப்பு கொஞ்சம் கூடிப்போய், வலையின் கண்களும் பெயின்றால் அடைபட்டுப் போயின. கீழே ஒரு சாண் உயரத்தில் ஓர் ஓட்டை. அதற்குள்ளால் டொக்டர் மருந்து எழுதிய துண்டு உள்ளே வரும், மருந்து வெளியே போகும். ஆக, நோயாளி என்று நாங்கள் கண்டதெல்லாம் ஒரு கைதான்.

கையைப் பார்த்து ஆளைச் சொல்லும் வித்தை எங்களுக்குத் தானாகவே வந்துவிட்டது. குருநகர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி என்றால் கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்திருக்கும். புகையிலைத் தோட்டத்தில் நிற்பவர் என்றால் விரல் முழுவதும் பிசின் பிடித்துக் கறுத்திருக்கும். நான் முகத்துக்குப் பூசும் மருந்து எத்தனையோ கொடுத்திருக்கிறேன், ஒரு முகத்தையும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்க வருடங்கள் அவை, சண்டைக் காலம். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, கப்பலில் வரவேண்டிய மருந்துப் பெட்டி வந்தால் வரும். மருந்து போட்டுக் கொடுக்க உறை இல்லாதபடியால் பழைய பரீட்சை விடைத்தாள்களைக் கிழித்து மடித்துக் கொடுப்போம். ஒருவருடைய இருமல் குளிசை இன்னொருவர் கோட்டைவிட்ட கணக்குக்குள் சுருண்டு கிடக்கும். காயத்துக்குக் கட்டத் துணி இல்லாமல் நாங்கள் அல்லாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒருத்தி பருவுக்கு மருந்து என்று துண்டை நீட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொல்வதென்றால் இளக்காரமும் வந்தது. இந்த ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிகிறது, உனக்கு முகம் கேட்கிறதா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிழை அந்த இடத்தில் தொடங்கியது.

ஓட்டைக்குள்ளால் வந்தது ஒரு பெண்ணின் வலது கை. மணிக்கட்டில் நீல நூல். சுண்டுவிரல் நடு மூட்டில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது, சின்ன வயதில் முறிந்து பிழையாகப் பொருந்தியிருக்க வேண்டும். விரல் நுனியில் சோக்குத் தூள். துண்டில் டொக்சிசைக்கிளின் என்று தோல் டொக்டர் எழுதியிருந்தார். நான் குளிசையை எண்ணி மடித்து, "சாப்பிட்ட பிறகு ஒண்டு" என்று சொல்லி ஓட்டைக்குள்ளால் தள்ளினேன். அதோடு அடுத்த கை வந்துவிட்டது.

ஒரு கிழமை கழித்து அதே சுண்டுவிரல் திரும்பி வந்தது. இந்த முறை துண்டு இல்லை. வெறும் விரல், என்னைச் சுட்டிக் காட்டியபடி.

"ஐயா, போன கிழமை குளிசை தந்தது நீங்கள்தானே?"

"ஓம்."

"எனக்கு நெஞ்சுக்குள்ளை நெருப்பு வைச்ச மாதிரி எரிஞ்சது. அம்மா நெஞ்சுவலி எண்டு நினைச்சுக் குழறிப்போட்டா. பக்கத்து வீட்டு அண்ணை சைக்கிள் பாரிலை ஏத்திக்கொண்டு ஓடிவந்தவர். டொக்டர் என்ன கேட்டவர் தெரியுமோ? குளிசைக்குத் தண்ணி குடிச்சனீரோ எண்டு."

"குடிக்கேல்லையோ?"

"படுக்கையிலை சரிஞ்சபடி வாயிலை போட்டு விழுங்கினனான்."

"அதுதான். இந்தக் குளிசைக்கு ஒரு மூக்குப்பேணி நிறையத் தண்ணி குடிக்கவேணும். குடிச்சிட்டு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. இல்லாட்டித் தொண்டைக்குக் கீழை ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிப்போடும்."

"உதை நீங்கள் அண்டைக்குச் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

எனக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள். மருந்து கொடுக்கிறவன் நான், கேட்கவேண்டியது அவளாம். விரல் ஓட்டையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டது. பிறகு அவள் அவசரமில்லாமல் சொன்னாள்.

"சரி, இப்ப கேக்கிறன். இன்னும் ஏதும் சொல்லாமல் மிச்சம் வைச்சிருக்கிறியளோ?"

இருந்தது. இந்தக் குளிசை போடுகிறவர்களுக்கு வெயில் ஆகாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவருக்கு வியர்வை மட்டும் வரும் வெயிலில் இவர்களுக்குத் தோல் வெந்துவிடும். ஆனால் அவளுக்குப் பின்னால் வரிசை மாமரம் வரை போய்க்கொண்டிருந்தது. அதைவிட, யாழ்ப்பாணத்தில் ஒருத்தரிடம் வெயிலில் போகாதே என்று சொல்வது எனக்குப் பகிடியாகப் பட்டது. பஸ் இல்லை, கார் இல்லை, ஊர் முழுவதும் சைக்கிளில் வெயிலைத் தின்றுகொண்டு திரிகிறது. சொல்லிப் பிரயோசனம் இல்லாததைச் சொல்லாமல் விடுவது என்பது என்னுடைய கொள்கை. நேரம் மிச்சம் என்று அதைப் பெருமையாகவும் வைத்திருந்தேன்.

"வேறை ஒண்டும் இல்லை" என்றேன்.

விரல் போய்விட்டது.

இனி என் மனைவியைப் பற்றி. யோகம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். வைத்தியசாலைக் கதையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று நான் ஒரு விரதம் வைத்திருந்தேன். அவளோ பள்ளிக்கூடக் கதை முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள், "இஞ்சருங்கோ, கரும்பலகை ரீச்சர் திரும்பிட்டா."

"எங்கை போனவ?"

"ஒரு இடமும் போகேல்லை. திரும்பி நிக்கிறா எண்டு சொல்லுறன்."

அந்த ரீச்சரின் பெயர் சிவமலர். உடுப்பிட்டியில் இருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தாயோடு பக்கத்தில் வாடகைக்கு இருந்தவள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. முகம் முழுவதும் கட்டி கட்டியாகப் பரு, சீழ் வைத்து உடைந்து குழி விழுந்த பரு. வகுப்பில் பிள்ளைகளுக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு, கரும்பலகையைப் பார்த்தபடியே இரண்டு வருடம் படிப்பித்திருக்கிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை அவளைப்போலச் சுவரைப் பார்த்து நின்று நடித்துக் காட்டியதை அவள் கண்டுவிட்டு, அன்று முழுவதும் ஆசிரியர் அறைக்கு வரவில்லையாம். இப்போது யாரோ டொக்டரிடம் மருந்து எடுத்து முகம் தெளிந்து, போன கிழமை ஒரு பாடம் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்துப் படிப்பித்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது யோகத்தின் கண் கலங்கியிருந்தது.

"ஏன், கழுத்து நொந்துபோச்சோ?" என்று கேட்டேன்.

யோகம் என்னைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணி ஆறிப்போனது. அந்த ரீச்சரின் முகத்துக்கு மருந்து எண்ணிக் கொடுத்தது நான்தான் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது விரல் மட்டும்தானே.

அடுத்த மாதம் எங்கள் ஊர் முருகன் கோயில் தேர். எனக்கும் முருகனுக்கும் பகை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் உறவு மோர்ப் பந்தலோடு முடிந்துவிடும். யோகம் பள்ளிக்கூடத்து ரீச்சர்மாரோடு தேருக்குப் பின்னால் போய்விட்டாள். நான் வேட்டியும் சால்வையுமாகப் பந்தலில் நின்று மூன்றாவது முறை மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். தேர் எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் ஆண்கள் வீதி மண்ணில் உருண்டு பிரதட்டை செய்துகொண்டு போனார்கள். அவர்களுக்கும் பின்னால் பெண்கள் அடியழித்துக்கொண்டு வந்தார்கள். ஓரடி வைத்து, முழந்தாளில் இருந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி நெற்றியை மண்ணில் வைத்து, எழும்பிக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, பிறகு அடுத்த அடி. இப்படியே கோயிலைச் சுற்றி வரவேண்டும். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் செய்வது. நண்பகலுக்குக் கொஞ்சம் முந்திய வெயில், வெள்ளை மணல்.

என் காலுக்கு முன்னால் ஒரு சோடிக் கை வந்து நீண்டது. மணிக்கட்டில் நீல நூல். வெளிப்பக்கம் வளைந்த சுண்டுவிரல்.

முதலில், தெரிந்த ஆளைக் கண்ட சந்தோசம்தான் வந்தது. பிறகு புறங்கையைப் பார்த்தேன். செக்கச் சிவந்திருந்தது. பக்கத்தில் அடியழித்த மற்றப் பெண்களின் கையைப் பார்த்தேன். மண் ஒட்டியிருந்ததே தவிர அந்தச் சிவப்பு இல்லை. அவள் எழும்பினாள். அப்போதுதான் முதன்முதலாக அந்த முகத்தைக் கண்டேன். நெற்றியில் மண், கன்னத்தில் பழைய குழிகள், ஒரு பருவும் இல்லை. மூக்கும் கன்னமும் மெல்லச் சிவக்கத் தொடங்கியிருந்தன. கையில் இருந்த மோரைப் பந்தல் மேசையில் வைத்தேன்.

பக்கத்தில் நின்றவரிடம், எத்தனை சுற்று என்று கேட்டேன். "மூண்டு சுத்து நேர்த்தியாம். இப்பதான் ஒண்டு முடியுது" என்றார்.

இன்னும் இரண்டு சுற்று, உச்சி வெயிலுக்குள்ளால். இந்த இடத்தில் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். நேரே போய் அவளுக்கு முன்னால் நின்று, "தங்கச்சி, எழும்புங்கோ. உங்களுக்கு வெயில் படக்கூடாது" என்றேன். யன்னலுக்குப் பின்னால் இருக்கும்போது எப்படிக் கட்டளை போடுவேனோ அந்தக் குரலில். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேர்த்தி முடியும்வரை கதைக்கமாட்டார்கள். என் காலைச் சுற்றி ஓரடி விலகி, குனிந்து, கையை நீட்டினாள்.

"உவருக்கு என்ன விசரோ?" என்றாள் பின்னால் வந்த ஒரு கிழவி. "வெயிலுக்குப் பயமெண்டால் பந்தலுக்கை போய் நில்லுமன்."

தொண்டர் ஒருவர் என்னைத் தோளில் பிடித்து ஒதுக்கினார். சனத்துக்குள் இருந்து யோகம் ஓடிவந்தாள்.

"என்ன வேலை பாக்கிறியள்? உங்களுக்கு மலரைத் தெரியுமோ?"

"கையைத் தெரியும்" என்றேன்.

தேர் வீதியில் நின்று மனைவியிடம் சொல்லத்தக்க பதில் அது இல்லை. அவளுடைய முகம் போன போக்கைக் கண்டு, யன்னல், விரல், குளிசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நோயாளியின் இரகசியத்தைக் காத்த என்னுடைய விரதம் அதோடு முடிந்தது. யோகம் அதற்குச் சிறிதும் அசையவில்லை.

"அவ குளிசை போடுறது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்."

"இந்த நேர்த்தியும் தெரியுமோ?"

"முகத்துப் பரு மாறினால் மூண்டு சுத்து அடியழிக்கிறன் எண்டு ஆறு மாசத்துக்கு முன்னமே வைச்சவ. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை" என்றாள் யோகம்.

"சரி, இப்ப அவவை நிப்பாட்டவேணும்" என்றேன்.

"நிப்பாட்டினால் அவ்வளவுதான். நேர்த்தி குறையிலை நிண்டால் முகம் திரும்பவும் கெட்டுப்போம் எண்டு அவ நம்புறா. பிறகு உங்கடை குளிசையைத் தொடவும் மாட்டா, எங்கடை பக்கம் திரும்பவும் மாட்டா. நிப்பாட்டாமல் என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்கோ."

தம்பிமார், தங்கைமார், இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் படித்த ஒரு புத்தகத்திலும் அது இல்லை. மருந்தை நிறுத்து, வெயிலைத் தவிர் என்றுதான் புத்தகம் சொல்லும். வெயிலைத் தவிர்க்க முடியாத ஒருத்தி உன் காலடியில் நெற்றியை மண்ணில் வைத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று சொல்லாது. "வெயில் படாமல் மறைச்சால் போதும்" என்றேன்.

அடுத்த கணம் என் தோளில் சால்வை இல்லை. யோகம் அதை உருவி மோர்ப் பந்தலின் தண்ணீர் வாளிக்குள் தோய்த்தாள். தன்னோடு வந்த மூன்று ரீச்சர்மாரைக் கூப்பிட்டாள். நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டு மலருக்கு மேலே நிழலாக நடந்தார்கள். மலர் குனிந்தால் சால்வையும் குனிந்தது, எழும்பினால் எழும்பியது.

கோயில் நிர்வாகத்தில் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "உதென்ன ரீச்சர்? மேற்கட்டி சுவாமிக்குத்தான் பிடிக்கிறது. மனிசருக்குப் பிடிக்கிற வழக்கம் இல்லை."

"சுவாமி குளிசை போடுறேல்லை, அண்ணை" என்றாள் யோகம், நடையை நிறுத்தாமல்.

அவர் வழி விட்டு ஒதுங்கினார். அவருடைய மகன் யோகத்தின் வகுப்பில் படித்தான், அந்த நினைவும் வந்திருக்கலாம். எனக்குக் கிடைத்த வேலை தண்ணீர் சுமப்பது. சால்வை காயக் காய நனைக்கவேண்டும், மலர் கையை வைக்கும் மண்ணுக்கும் தண்ணீர் தெளிக்கவேண்டும். இரண்டு சுற்று முழுவதும் வெறும் மேலோடு வாளி தூக்கினேன். ஒரு குளிசையும் போடாமலே என் முதுகு உரிந்தது. டிஸ்பென்சர் ஐயாவுக்கும் ஏதோ நேர்த்தியாக்கும் என்று சனம் கதைத்தது. என் வாழ்க்கையில் பக்திமான் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

மூன்று சுற்றும் முடிந்தது. மலர் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் தாயோடு வீட்டுக்குப் போனாள். கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியைப் போடச் சொல்லி யோகத்திடம் சொல்லியனுப்பினேன். பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மிச்ச மோரையும் குடித்தேன்.

அடுத்த கிழமை மலர் பள்ளிக்கூடம் வரவில்லை. நாலாம் நாள் யோகம் பார்க்கப் போனாள். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

தாய் வாசலிலேயே தொடங்கிவிட்டா. "மறைப்புப் பிடிச்ச உடனை எனக்குத் தெரியும், நேர்த்தி பிழைச்சுப்போச்சு எண்டு. முருகன் காட்டிப்போட்டான். கையெல்லாம் கொப்பளம். முகமும் உரியுது. பிள்ளை குளிசையை விட்டிட்டாள். வாற வெள்ளிக்கிழமை மறைப்பில்லாமல் திரும்ப மூண்டு சுத்தும் செய்யப்போறாளாம்."

மலர் உள்ளே கதிரையில் இருந்தாள். சுவரைப் பார்த்தபடி. நாங்கள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. மடியில் கிடந்த கை மட்டும் எனக்குத் தெரிந்தது. புறங்கை முழுவதும் கொப்பளம், சில உடைந்து ஈரமாக இருந்தன. நான் பழகிய அந்தச் சுண்டுவிரல் வீங்கிப் பருத்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அளவு வெட்கத்தை அதற்கு முதலும் நான் பட்டதில்லை, பிறகும் பட்டதில்லை.

ஆனாலும் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் அந்த இடத்தில் வந்தது. பேசாமல் இருந்தால் பழி முழுவதும் முருகனோடு போய்விடும். அவர் மறுத்து அறிக்கை விடப்போவதில்லை. குளிசை கொடுத்தவனை ஒருவரும் கேட்கப்போவதும் இல்லை. யோகம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அந்த வெந்த கையோடு மலர் வெள்ளிக்கிழமை திரும்பவும் வெயிலில் இறங்குவாள். அது முடிய, குளிசையும் இல்லாமல் பருவும் வந்து, மிச்சக் காலத்துக்கும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"தங்கச்சி" என்றேன். "நீங்கள் யன்னலிலை வந்து கேட்டனீங்கள், இன்னும் ஏதும் சொல்லாமல் மிச்சம் இருக்கோ எண்டு. நான் ஒண்டும் இல்லை எண்டனான். அது பொய். இந்தக் குளிசை போடுறவையை வெயில் கூடச் சுடும். எனக்கு அது அண்டைக்கே தெரியும். சொல்லப் பஞ்சியாய், சோம்பலாய் இருந்தது, சொல்லேல்லை. அம்மா, முருகனிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலைதான்."

தாய் என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அப்ப நேர்த்தி பிழைக்கேல்லையோ?" என்று மலர் சுவரைக் கேட்டாள்.

"நேர்த்தியைப் பற்றி எனக்குத் தெரியாது. தோலைப் பற்றித் தெரியும். கையிலை இருக்கிறது வெயில் சுட்ட புண். மறைப்புப் பிடிக்க முந்தின முதல் சுத்திலை பட்டது. முகத்திலை இருக்கிறது மெல்லிய சூடு, ஒரு கிழமையிலை உரிஞ்சு விழுந்துபோம். அது பரு இல்லை. பரு ஒண்டும் திரும்ப வரேல்லை. நான் இப்ப பாக்கவேணுமெண்டால் நீங்கள் திரும்பவேணும்."

அவள் உடனே திரும்பவில்லை. பிறகு கதிரையை அரக்கிக்கொண்டு திரும்பினாள். மூக்கிலும் கன்னத்திலும் தோல் சீவல் சீவலாக எழும்பியிருந்தது. நான் சொன்னது சரிதான், ஒரு பருவும் இல்லை. அவள் என்னை நேருக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"முகம் முருகன் தந்தது. கை நீங்கள் தந்தது."

"ஓம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கை ஆறும்வரை குளிசையை நிறுத்தி, பிறகு தொடங்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நீளக் கைச் சட்டை போட்டு, ஒரு கையால் கறுத்தக் குடை பிடித்து, மற்றக் கையால் சைக்கிள் ஓடிய ஒரே ரீச்சர் மலர்தான். பிள்ளைகள் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். இந்தமுறை அவள் சிரித்துக்கொண்டே அதை யோகத்திடம் சொன்னாளாம்.

நான் அந்தக் கிழமையே ஒரு தகடு வெட்டும் கத்திரிக்கோலைக் கொண்டுபோய் யன்னல் வலையை ஆள் முகம் தெரியும் அளவுக்கு வெட்டினேன். மேலிடத்தில் இருந்து விசாரித்தார்கள். ஷெல் துண்டு பட்டது என்றேன். அந்த நாட்களில் எந்தச் சேதத்துக்கும் அந்தப் பதில் போதுமாக இருந்தது.

முகம் பார்த்து மருந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு என் கேள்விகளும் கூடின. வேறு மருந்து எடுக்கிறீர்களா, பிள்ளை வயிற்றில் இருக்கிறதா என்று நீங்களும் கேட்பீர்கள். நான் அதோடு, "நேர்த்தி, விரதம் ஏதும் இருக்கோ?" என்றும் கேட்பேன். உள்ளே என்னோடு வேலை செய்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐயருக்குப் படிக்கிறேனாம். கந்தசட்டிக்கு ஆறு நாளும் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருக்கப்போகிற ஒரு மனிதர், மூக்குப்பேணி நிறையத் தண்ணி வேண்டிய அதே குளிசையை வாங்க வந்து நின்று, என் கேள்விக்கு "ஓம்" என்று சொன்ன நாளில்தான் அவர்களுடைய சிரிப்பு நின்றது. உங்களுக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். எதைச் சொன்னால் பிரயோசனம், எதைச் சொன்னால் வீண் என்று யன்னலுக்குப் பின்னால் இருந்து நீங்கள் தீர்மானிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது மருந்து. அது போகிற வீட்டைப் பற்றி அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

அடுத்த வருடம் ஒருநாள் வெட்டிய வலைக்குள்ளால் சுண்டுவிரல் வந்தது. அதற்குப் பின்னால் முகமும் வந்தது. இடையில் பரு திரும்ப எட்டிப் பார்த்ததால் டொக்டர் இரண்டாம் முறை எழுதியிருந்தார். புறங்கையில் தோல் கொஞ்சம் கறுத்திருந்தது, மற்றும்படி நன்றாக ஆறியிருந்தது.

"வாற மாசம் தேர். கேக்க முன்னமே சொல்லுறன், இந்தமுறையும் அடியழிக்கிறன். எத்தினை நாளைக்கு முன்னம் குளிசையை நிப்பாட்டவேணும் எண்டு டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. பிறகு வாளியோடை வந்து நிக்காதையுங்கோ."

"முகம்தான் நல்லாய் வந்திட்டுதே" என்றேன். "இனி என்னத்துக்கு நேர்த்தி?"

"முகத்துக்கில்லை. கை சுகமாய் மாறினதுக்கு."

கை ஆறிய பேரையும் முருகனே எடுத்துக்கொண்டார். குளிசையை எண்ணி மடித்து நீட்டினேன். அவள் அதை வாங்கினாளே தவிர நகரவில்லை.

"இன்னும் ஏதும் சொல்லாமல் மிச்சம் வைச்சிருக்கிறியளோ?"

அவளுக்குப் பின்னால் வரிசை மாமரத்தையும் தாண்டியிருந்தது. நான் வாங்கை இழுத்துப் போட்டு யன்னலோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"இருக்கு" என்றேன். "கேளுங்கோ."